ஆல்ப்ஸில் முதல் ஸ்கீ விடுமுறை: முதலில் சரிவு, அப்புறம் ஊர், கடைசியில் ஹோட்டல்

ஆல்ப்ஸ் மலைக்கு முதல் முறையாக ஸ்கீ, அதாவது நீளப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவதை, கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹோட்டலில் இருந்துதான் தேட ஆரம்பிக்கிறார்கள். மர பால்கனி, பின்னால் வெள்ளை மலை, ஆவி பறக்கும் நீச்சல் குளம். படம் பிடித்துப்போகிறது, விலையும் ஒத்துவருகிறது, பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்த ஊரில் புதிதாகக் கற்பவருக்கான சரிவு எங்கே இருக்கிறது, அங்கே தினமும் எப்படிப் போவது என்பதெல்லாம் போய் இறங்கிய பிறகுதான் தெரியவருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிப் பிரச்சினை வராது. முதலில் கற்கும் சரிவைப் பாருங்கள். அது எந்த ஊரில் நன்றாக அமைந்திருக்கிறது என்று பாருங்கள். ஹோட்டல் அதற்குப் பிறகு.

நம் ஊரில் ரிசார்ட் என்றால் ஒரு மதில் சுவருக்குள் அடங்கிய விடுதி. ஆல்ப்ஸில் ஸ்கீ ரிசார்ட் என்பது ஒரு முழு ஊர். மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுகளை ஒரு நிறுவனம் நடத்தும். ஸ்கீ பள்ளி தனி. ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் வாடகைக்குத் தரும் கடைகள் தனி. ஹோட்டல்கள் தனி. ஆகவே ஹோட்டல் வாடகை என்று நீங்கள் பார்க்கும் தொகை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். லிஃப்ட் பாஸ், பயிற்சிக் கட்டணம், சாமான் வாடகை மூன்றும் அதன் மேல் ஏறும். பெரிய இடங்களில் பெரியவர் ஒருவருக்கு 6 நாள் பாஸ் மட்டுமே 350 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். கிளப் மெட் என்ற விடுதி நிறுவனம் மாதிரி சில இடங்களில் சாப்பாடு, பாஸ், குழுப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரே விலை போடுகிறார்கள். பார்த்தவுடன் அது அநியாய விலையாகத் தெரியும். மற்ற ஊர்களின் நான்கு பில்களையும் கூட்டி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

600 கி.மீ. யாருக்கு?

ஸ்கீ ஊர்களின் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது சறுக்குப்பாதைகளின் மொத்த நீளம். பிரான்ஸின் மூன்று பள்ளத்தாக்குகள் பகுதியில் கூர்ஷ்வெல், மெரிபெல், வால் தோரன்ஸ் உள்ளிட்ட ஊர்களை இணைத்து 600 கி.மீ. இத்தாலியின் டோலமைட் மலைகளில் 12 பகுதிகளுக்கும் சேர்த்து ஒரே பாஸ், 1,200 கி.மீ. பல வருடமாக ஸ்கீ செய்கிறவர்களுக்கு இவை சொர்க்கம். புதிதாகக் கற்பவருக்கு இந்த எண்களால் பயனே இல்லை. முதல் இரண்டு மூன்று நாட்கள் உங்கள் உலகம் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் அகலத்தைத் தாண்டாது. விழுவது, எழுவது, இரண்டு ஸ்கீயின் முன்முனைகளையும் குவித்து வேகத்தைக் குறைப்பது, மறுபடி மேலே போவது. அந்த மேலே போகும் வேலைக்குத் தரையோடு தரையாக நகரும் ஒரு பட்டை இருக்கும். மேஜிக் கார்பெட் என்பார்கள், ஏறி நின்றால் போதும். அது இல்லாத இடத்தில் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போகும் இழுவை லிஃப்ட்தான் இருக்கும். கற்றுக்கொள்ளும் முதல் நாளில் அதில் ஏறுவதே ஒரு தனிப் பயிற்சி.

பாதைகளுக்கு நிறம் உண்டு. பிரான்ஸில் பச்சை மிக எளிது, அடுத்து நீலம், அதற்கடுத்து சிவப்பு, கடைசியில் கறுப்பு. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பெரும்பாலும் பச்சை கிடையாது, நீலத்தில்தான் தொடங்கும். ஒரு ஊரின் நீலமும் இன்னொரு ஊரின் நீலமும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரியாவின் செயின்ட் ஆன்டனில் நீலம் என்று போட்டிருப்பதை மற்ற பல இடங்களில் சிவப்பு என்றே போட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு ஊரும் தன் இணையதளத்தில் பாதை வரைபடத்தைப் போட்டிருக்கிறது. ஹோட்டல் படங்களைப் பார்க்கும் நேரத்தில் பாதியை அதற்குக் கொடுங்கள். முதலில் மேஜிக் கார்பெட்டுக்கான குறியைத் தேடுங்கள். அது ஊருக்குள் இருக்கிறதா, லிஃப்டில் ஏறிப்போய் நடு ஸ்டேஷனில் இறங்கினால்தான் வருகிறதா? அடுத்து, பயிற்சிச் சரிவை முடித்தவர் போக, அதே இடத்தில் இருந்து கிளம்பும் ஒரு நீலப் பாதை இருக்கிறதா? மூன்றாவது, மேலிருந்து ஊருக்கு இறங்கி வரும் பாதையின் நிறம் என்ன? சிவப்பு மட்டும்தான் என்றால், மாலையில் நீங்கள் லிஃப்டிலேயே கீழே வரவேண்டியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பல ஊர்களில் நன்றாக ஓட்டுகிறவர்களே அதைத்தான் செய்கிறார்கள். நாள் முழுக்க ஆயிரம் பேர் தேய்த்துவிட்ட பாதை, மாலை 4 மணிக்கு இறுகிய ஐஸாகக் கிடக்கும். லிஃப்ட் நிற்கும் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நடு குளிர்காலத்தில் பெரும்பாலும் நாலு, நாலரையோடு மூடிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வரைபடங்கள் ஓவியம் மாதிரி வரையப்பட்டவை. மலையின் எல்லா முகங்களும் ஒரே தாளில் தெரியவேண்டும் என்பதற்காகச் சரிவுகளைத் திருப்பி, நீட்டி, குறுக்கி வரைந்திருப்பார்கள். அதை வைத்து தூரத்தையோ திசையையோ கணக்குப் போடக் கூடாது.

ஊரின் பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்

பெயர் பெற்ற ஊர் என்பதாலேயே புதியவருக்குப் பொருந்திவிடாது. பிரான்ஸின் ஷமோனியைப் பாருங்கள். 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், மோன் பிளாங்க் சிகரத்தின் காலடி. ஆனால் அதன் ஸ்கீ பகுதிகள் பள்ளத்தாக்கு நெடுக ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ் பிடிக்கவேண்டும். 3,842 மீட்டர் உயரத்தில் இருக்கும் எய்குய் து மிடி வரை கேபிள் காரில் போய், அங்கிருந்து வழிகாட்டியோடு பனியாற்றின் மேல் சுமார் 20 கி.மீ. சறுக்கி வருகிறவர்களின் ஊர் அது. ஸ்கீயில் நிற்கவே பழகாதவருக்கு அங்கே வேடிக்கை பார்க்கத்தான் நிறைய இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் வேறு மாதிரி. மாட்டர்ஹார்ன் சிகரத்தை ஜன்னலில் இருந்து பார்க்கலாம். ஊருக்குள் பெட்ரோல், டீசல் கார் கிடையாது. காரில் வருகிறவர்கள் கீழே டேஷ் என்ற ஊரில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில் வரவேண்டும். ஊருக்குள் சின்னச் சின்ன மின்சார வண்டிகள் ஓடும். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஆரம்பநிலையினருக்கான இடம் ஊரில் இல்லை, மேலே 2,288 மீட்டரில் சுன்னேகா என்ற இடத்தில் இருக்கிறது. சுரங்கத்துக்குள் ஓடும் மலை ரயிலில் சில நிமிடப் பயணம், பிறகு அங்கிருந்து கொஞ்சம் கீழே ஏரிக்கரை. தனியாகப் போகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் ஸ்கீயையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் காலையில் போகிற அப்பாவைக் கேட்டால் கதை மாறும். செர்மாட்டில் ஹோட்டல் எடுப்பதென்றால் சுன்னேகா ரயில் கிளம்பும் இடத்துக்குப் பக்கத்தில் எடுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருப்பது வசதி என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள்.

புதியவருக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர்களில் ஒன்று ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் இருக்கும் செர்ஃபாவுஸ். 1,427 மீட்டரில் ஒரு கிராமம், அதற்கு அடியில் ஒரு மெட்ரோ ரயில்! 1985-இல் இருந்து ஓடுகிறது. மொத்தமே நான்கு ஸ்டேஷன், ஒன்றேகால் கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், கட்டணம் கிடையாது. ஒரு முனையில் வாகன நிறுத்தம், மறுமுனையில் மலை லிஃப்ட். ஊருக்குள் கார் நெரிசல் இருக்கக் கூடாது என்பதற்காகக் கட்டியது. இதனால் ஹோட்டல் ஊரின் எந்தப் பக்கம் இருந்தாலும் பனியில் சாமான் தூக்கி அல்லாடவேண்டியதில்லை. குழந்தைகளின் பயிற்சிப் பகுதி நடு ஸ்டேஷனில், ஏறக்குறைய 2,000 மீட்டரில் இருக்கிறது, அவர்களுக்கென்றே சாப்பாட்டுக் கூடத்தோடு.

இன்னொன்று இத்தாலியில், டோலமைட் மலைகளின் நடுவே இருக்கும் ஆல்பே டி சியூசி. ஜெர்மன் பேசும் உள்ளூர்க்காரர்கள் சைசர் ஆல்ம் என்பார்கள். 56 சதுர கி.மீ. பரப்பில் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளி அது. குளிர்காலத்தில் அப்படியே மெத்தென்ற வெள்ளைச் சரிவுகளாகிவிடும். நன்றாக ஓட்டுகிறவருக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். அதனாலேயே புதியவருக்கு நல்லது. மேலே இருக்கும் ஹோட்டலில் தங்கினால் காலையில் வாசலைத் தாண்டினால் பனி. பகல் நேரத்தில் மேலே போகும் சாலையில் கார்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், வந்து சேரும் நேரத்தை ஹோட்டலிடம் முன்பே பேசிவிடவேண்டும்.

குடும்பத்தில் ஸ்கீ செய்யாதவர் ஒருவராவது இருப்பார். தாத்தா பாட்டியை அழைத்துக்கொண்டு போனால், அவர்கள் ஆறு நாளும் ஹோட்டல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுத்தம் செய்யப்பட்ட நடைபாதைகள், நடந்து வருகிறவர்களும் ஏறக்கூடிய லிஃப்டுகள், மேலே உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம் இவை இருக்கும் ஊராகப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்ட் இதற்கு நல்ல ஊர். அங்கிருந்து 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக் என்ற மலைக் கணவாய் வரை ரயிலிலேயே போய்வரலாம், சறுக்கு வண்டிக்கென்று 15 கி.மீ. நீளப் பாதையும் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் நிலை கொஞ்சம் வேறு. பள்ளியில் இருந்து ஸ்கீ முகாமுக்குப் போய்ப் பிள்ளைகள் நன்றாகக் கற்றுவிடுகிறார்கள். அம்மா அப்பாதான் நாற்பது வயதில் தொடங்குகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சிச் சரிவும் சிவப்புப் பாதைகளின் முடிவும் ஒரே அடிவாரத்தில் வந்து சேரும் ஊர் வேண்டும். இல்லையென்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகளைப் பிடிப்பதே பெரும்பாடு.

உயரமும் மாதமும்

ஊரின் உயரம் ஏன் முக்கியம் என்றால், பனி அங்கே நிற்குமா என்பதை அதுதான் பெருமளவு முடிவு செய்கிறது. கிட்ஸ்பூல் 762 மீட்டரில் இருக்கிறது. வால் தோரன்ஸ் 2,300 மீட்டரில் இருக்கிறது. ஒரே வாரத்தில் முன்னதில் மழையும் பின்னதில் பனியும் பெய்யலாம். 2023-இல் வெளியான ஒரு ஆய்வு ஐரோப்பாவின் 28 நாடுகளில் 2,234 ஸ்கீ ஊர்களை எடுத்துப் பார்த்தது. உலகம் 2 டிகிரி சூடானால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் அவற்றில் 53 சதவீதம் மிகக் கடுமையான பனிப் பற்றாக்குறை அபாயத்தில் இருக்கும் என்றது. செயற்கைப் பனி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த இயந்திரங்கள் தண்ணீரைத் தூவி உறையவைப்பவை, அதற்குக் குளிர் வேண்டும். வெதுவெதுப்பான ஈரக் காற்று வீசும் இரவுகளில் அவை சும்மா நிற்கும்.

அப்படியானால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதா என்றால், இல்லை. 2,000 மீட்டரைத் தாண்டினால் மரங்கள் குறைந்துவிடும். மேகம் இறங்கிவிட்டால் தரை எது, வானம் எது என்று தெரியாது. மரங்களுக்கு நடுவே இருக்கும் பாதையில் அந்தக் கஷ்டம் குறைவு, கண்ணுக்குப் பிடிமானமாக ஏதாவது இருக்கும். உயரத்தில் காற்றும் பலமாக அடிக்கும், லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். சிலருக்கு அந்த உயரத்தில் முதல் இரண்டு இரவு தூக்கமே வராது, தலை வலிக்கும். என் கணக்கில் புதியவருக்குப் பயிற்சிச் சரிவு 1,500-இல் இருந்து 2,000 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. ஊர் கீழே இருந்து, சரிவு மட்டும் மேலே இருந்தாலும் சரிதான். டிசம்பர் தொடக்கத்திலோ ஏப்ரலிலோ போகிறவர்கள் மட்டும் ஓபர்குர்கிள் போல 1,930 மீட்டரில் இருக்கும் ஊர்களுக்குப் போவது நல்லது.

எந்த மாதம்? கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் விலை உச்சம். பிப்ரவரியில் மறுபடி ஏறும், ஏனென்றால் ஐரோப்பியப் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை அப்போதுதான். பிரான்ஸ் நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து வாரம் மாற்றி வாரம் விடுமுறை விட்டும்கூடச் சாலைகள் திணறும். சனிக்கிழமைதான் அறைகள் கைமாறும் நாள் என்பதால், அன்றைக்குப் பிரெஞ்சு ஆல்ப்ஸில் மலையேறும் சாலைகளில் மணிக்கணக்கில் நிற்க நேரும். தமிழ்நாட்டில் இருந்து கோடை விடுமுறைக்குப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஏமாற்றச் செய்தி. மே மாதம் பெரும்பாலான ஊர்களில் லிஃப்டுகள் மூடியிருக்கும். ஹின்டர்டக்ஸ், செர்மாட் போல உயரத்தில் பனியாறு இருக்கும் ஒருசில இடங்களில்தான் சறுக்க முடியும், அதுவும் புதியவருக்கு ஏற்றதல்ல. ஆனால் பொங்கல் விடுமுறை கச்சிதமாக அமைகிறது. ஜனவரி நடுவாரம் ஆல்ப்ஸில் கூட்டம் குறைவு, விலையும் இறங்கியிருக்கும், பனியும் நன்றாக இருக்கும். குளிர் மட்டும் கடுமை. குளிர் ஒத்துக்கொள்ளாதவர்கள் மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் போங்கள். பகல் நீளம், வெயில் உண்டு, மதியத்துக்கு மேல் பனி இளகிவிடுவதால் விழுந்தாலும் அடி குறைவு.

எத்தனை நாள் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆரம்பநிலைக் குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறோ திங்களோ தொடங்கி ஐந்தாறு நாள் நடக்கும். ஐரோப்பா சுற்றுலாவின் நடுவில் புதன்கிழமை போய் இறங்கினால் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் குழு இருக்காது, தனிப் பயிற்சியாளருக்குப் பல மடங்கு கொடுக்கவேண்டியிருக்கும்.

இப்போது ஹோட்டலுக்கு வருவோம்

ஹோட்டல் விளம்பரத்தில் "லிஃப்டில் இருந்து 400 மீட்டர்" என்று இருக்கும். சாதாரணக் காலணியில் 400 மீட்டர் ஐந்து நிமிடம். ஸ்கீ பூட்ஸில் அது வேறு கணக்கு. அந்த பூட்ஸ் கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆனது, கணுக்கால் மடங்காது, காலை முன்பக்கம் சாய்த்தே வைத்திருக்கும். குதிகாலை முதலில் ஊன்றி, டொக் டொக்கென்று நடக்கவேண்டும். தோளில் ஸ்கீ, கையில் கோல்கள், வழியெல்லாம் உறைந்த பனி. அந்த 400 மீட்டரில் ஒரு ஏற்றமும் இருந்தால், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே உடம்பு வேர்த்துவிடும், அப்புறம் அந்த வேர்வையே குளிரும். அதனால் தூரத்தைக் கேட்பதோடு நிற்காமல், வழி மேடா பள்ளமா என்றும் கேளுங்கள். எந்த லிஃப்டில் இருந்து அந்தத் தூரம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கறுப்புப் பாதைகளுக்குப் போகும் லிஃப்ட் வாசலிலேயே இருந்து உங்களுக்கு என்ன லாபம்?

வாசலில் இருந்தே சறுக்கிப் போகலாம், சறுக்கியே திரும்பலாம் என்று சொல்லும் ஹோட்டல்களுக்கு விலை அதிகம். முதல் வாரத்தில் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் என்பது என் எண்ணம். வாசலில் இருக்கும் பாதை சிவப்பாக இருந்தால் உங்களால் அதில் இறங்கவே முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு மலிவான வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஊர் ஸ்கீ பஸ். பல ஊர்களில் பாஸ் இருந்தால் இலவசம். இன்னொன்று, லிஃப்ட் அடிவாரத்தில் வாடகைக் கடைகளே வைத்திருக்கும் பாதுகாப்பு அறை. ஸ்கீயையும் பூட்ஸையும் அங்கேயே பூட்டிவிட்டு, சாதாரண ஷூவில் கைவீசி ஹோட்டலுக்கு நடந்து வரலாம். அது கிடைத்தால் ஹோட்டல் அரை கி.மீ. தள்ளி இருந்தாலும் கவலையில்லை.

அது இல்லையென்றால் ஹோட்டலின் ஸ்கீ அறையைப் பற்றி விசாரியுங்கள். அறைகளின் படம் ஐம்பது போடும் ஹோட்டல்கள் இதன் படத்தைப் பெரும்பாலும் போடுவதில்லை. நல்ல ஸ்கீ அறையில் பூட்ஸை மாட்டிவைக்கச் சூடான காற்று வரும் குழாய்கள் இருக்கும். இரவு மாட்டினால் காலையில் உள்ளே உலர்ந்து, இளஞ்சூடாக இருக்கும், கால் சுலபமாக நுழையும். வெறும் அலமாரி மட்டும் இருக்கும் ஹோட்டலில், நேற்றைய ஈரத்தோடு விறைத்துப்போன பூட்ஸுக்குள் காலைத் திணிக்க இரண்டு பேர் வேண்டும்.

ஆஸ்திரியாவிலும் இத்தாலி மலைப்பகுதிகளிலும் காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த விலைதான் வழக்கம். பரம்பரையாக ஒரே குடும்பம் நடத்தும் நான்கு நட்சத்திர ஹோட்டல்கள் அங்கே ஏராளம். இரவு நான்கைந்து சுற்றாக உணவு வரும். பெயரில் "கார்னி" என்று இருந்தால் காலை உணவு மட்டும்தான். பிரான்ஸில் சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் அதிகம். பருப்பும் அரிசியும் எடுத்துப்போய்ச் சமைத்துக்கொள்ள நினைக்கிற குடும்பத்துக்கு அது வசதி. ஆனால் "4 பேருக்கு" என்று போட்டிருந்தால் சதுர மீட்டரைப் பாருங்கள். 25 சதுர மீட்டரில், வாசலுக்குப் பக்கத்து இடுக்கில் அடுக்குக் கட்டில் போட்டு நான்கு பேர் என்று கணக்குச் சொல்லிவிடுவார்கள். நட்சத்திரங்கள் வசதிகளுக்குத் தரப்படுபவை, இருக்கும் இடத்துக்கு அல்ல. லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று நட்சத்திரம், ஊர்க்கோடியில் இருக்கும் ஐந்தைவிட உங்களுக்கு மேல்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பே எழுதிவிடுவது நல்லது. அவர்கள் சைவம் என்று பரிமாறுவதில் முட்டை இருக்கும். ஆஸ்திரியாவின் சீஸ் போட்ட ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸிலும், பிய்த்துப்போட்ட அப்பம் மாதிரி வரும் கைசர்ஷ்மார்னிலும் முட்டைதான் அடிப்படை. காய்கறி சூப் மாட்டிறைச்சிச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். உருக்கிய சீஸான சுவிஸ் ஃபாண்ட்யூவில் வெள்ளை ஒயின் சேரும். கிரூயேர் போன்ற பழைய வகை சீஸ்களைக் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கும் நொதியை வைத்துத்தான் திரிக்கிறார்கள். கறாராகப் பார்க்கிறவர்களுக்கு இத்தாலிதான் சுலபம். தக்காளி பாஸ்தாவும் சோளமாவுக் களியான பொலெண்டாவும் எங்கும் கிடைக்கும். முட்டை, மீன், இறைச்சி மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு எழுதுங்கள். குடும்ப ஹோட்டல்கள் இதை அக்கறையாகவே கவனிக்கின்றன.

அப்புறம், ஹோட்டலின் சானா, அதாவது உட்கார்ந்து வேர்க்கவைக்கும் சூடான அறை. ஆஸ்திரியா, ஜெர்மனி, இத்தாலியின் ஜெர்மன் பேசும் பகுதிகளில் சானா அறைக்குள் யாரும் உடை அணிவதில்லை, ஆண் பெண் சேர்ந்துதான் இருப்பார்கள். அங்கே அது சாதாரணம், நீச்சலுடையோடு போனால்தான் வித்தியாசமாகப் பார்ப்பார்கள். பிள்ளைகளோடு விளம்பரப் படத்தை நம்பிப் போய்க் கதவைத் திறந்துவிட்டுத் திகைக்கவேண்டாம். நீச்சலுடையோடு போகக்கூடிய தனிச் சானாவோ நேரமோ இருக்கிறதா என்று கேட்டால் சொல்வார்கள். நீச்சல் குளத்தில் இந்தச் சிக்கல் கிடையாது.

போய்ச் சேரும் வழியையும் ஹோட்டலோடு சேர்த்தே பாருங்கள். கார் ஓட்டத் தெரிந்தாலும், பனிச் சாலையில் பழகாதவர்கள் ரயில் போகும் ஊரைத் தேர்ந்தெடுப்பது மேல். செயின்ட் ஆன்டனில் சூரிச்–இன்ஸ்ப்ரூக் ரயில் ஊருக்குள்ளேயே நிற்கிறது. பிரான்ஸில் பூர்க்-சென்-மோரிஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் மலை ரயில் 7 நிமிடத்தில் லெஸ் ஆர்க் ஊருக்கு ஏற்றிவிடும். கார்தான் என்றால், ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனி நிலைமைகளில் குளிர்கால டயர் கட்டாயம். வாடகைக் காரில் அது இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்கு விசா ஒரு முடிச்சு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட முன்பதிவைக் காட்டவேண்டும், அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் விசா கிடைக்கும் முன் ஹோட்டலுக்கு முழுப் பணம் கட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. மலை ஹோட்டல்களின் ரத்து விதிகள் நகர ஹோட்டல்களைவிடக் கடுமையானவை. எந்தத் தேதி வரை பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ பயணக் காப்பீடு ஸ்கீ விபத்துக்குச் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டு சேராது, மலையில் இருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவும் சேராது. இத்தாலியில் 2022 முதல், மற்றவர்மேல் மோதினால் ஏற்படும் இழப்புக்கான காப்பீடு சறுக்குகிறவர்களுக்குக் கட்டாயம். அதை லிஃப்ட் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கலாம். ஹெல்மெட்டும் 2025 குளிர்காலத்தில் இருந்து அங்கே எல்லா வயதினருக்கும் கட்டாயம்.

ஹோட்டல் உறுதியானதும் அடுத்து ஸ்கீ பள்ளியில் இடம் போடுங்கள். பிப்ரவரியில் குழந்தைகள் வகுப்புதான் முதலில் நிறையும். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் குழு வேண்டும் என்பதைப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள். லிஃப்ட் பாஸ் மட்டும் அவசரப்பட்டு வாங்கவேண்டாம். பயிற்சிச் சரிவுக்கு மட்டுமான மலிவு டிக்கெட் பல ஊர்களில் இருக்கிறது, சில இடங்களில் அந்த லிஃப்டுகளுக்குக் கட்டணமே இல்லை. முதல் நாள் வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரிடம் கேளுங்கள். நாளைக்கு எந்த லிஃப்டில் கூட்டிப்போகப் போகிறார் என்று அவர் சொல்வார், அதற்கு ஏற்ற பாஸை அன்று மாலை வாங்கிக்கொள்ளலாம்.